பத்திரிகை ஒன்று சொல்கிறது, ரசிகர் வலைப்பதிவு வேறொன்று சொல்கிறது: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிமீறல் செய்திகளை வாசிப்பதில் நேரும் தவறுகள்

2014 பிப்ரவரியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வேடிக்கையான செய்தி வந்தது. விருந்தொன்றில் தன் வீரர்கள் மூவர் அனுமதித்த அளவைவிட அதிகமாகப் பாஸ்தா சாப்பிட்டுவிட்டார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகம் தன்மீது தானே புகார் எழுதிக் கொடுத்திருந்தது. பரிகாரம், ஆளுக்கு 3.83 டாலர் ஏதேனும் ஒரு அறக்கட்டளைக்கு நன்கொடை. வலைப்பதிவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். பத்திரிகைகள் நாடு முழுக்கப் பெட்டிச் செய்தியாகப் போட்டன. கடைசியில் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு வாய் திறந்து, பாஸ்தா இவ்வளவுதான் பரிமாறலாம் என்று தங்களிடம் விதியே இல்லை, அந்த நன்கொடையைத் தாங்கள் கேட்கவும் இல்லை என்றது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று நானும் சிரித்தேன். விதி என்ன சொல்கிறது என்று தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. இந்த வகைச் செய்திகளில் நாம் செய்யும் முதல் தவறு இதுதான். செய்தியைச் சொன்னவர் யார் என்று பார்க்கிறோம், எந்த விதி என்று பார்ப்பதில்லை.

பிள்ளைகளை மிஷிகனிலும் ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும் படிக்க வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். அந்த ஊர்களில் இலையுதிர் காலச் சனிக்கிழமை என்றால் பல்லாயிரம் பேர் அமரும் அரங்கம் நிரம்பும். அணியின் மீது புகார் வந்தால் ஊரே இரண்டாகும். உள்ளூர் நாளிதழ் ஒரு கதை சொல்லும், ரசிகர் வலைப்பதிவுகள் நேர் எதிரான கதை சொல்லும். புதிதாகப் போய்ச் சேர்ந்தவருக்குத் தலை சுற்றும். அச்சில் வந்ததை நம்பு, ரசிகன் எழுதுவதைத் தள்ளு என்று ஒரு சுலப வழி உண்டு. நானும் சில வருடம் அப்படித்தான் வாசித்தேன். அந்த வழக்கத்தை மிஷிகன் விவகாரம் கெடுத்தது.

மிஷிகனில் எண்ணப்பட்ட மணிகள்

2009 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை. சீசனின் முதல் ஆட்டத்துக்கு ஆறே நாள். மிஷிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் பயிற்சி நேர வரம்பை மீறி வீரர்களைப் பிழிந்தெடுக்கிறார்கள் என்று டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ் எழுதியது. (நம் ஊர்க் கால்பந்து அல்ல. தோளில் கவசம் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம்.) சீசனில் நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது வரம்பு. சில ஞாயிற்றுக்கிழமைகளில் 9 மணி நேரம் வரை போனதாக வீரர்கள் பெயர் வெளியிடாமல் சொல்லியிருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் ரிச் ரோட்ரிகஸ் மறுநாள் பத்திரிகையாளர் முன் கண் கலங்கினார்.

அந்த அணியின் ரசிகர் வலைப்பதிவுகள், முக்கியமாக எம்கோபிளாக், ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டன. 9 மணி என்றால் எந்த 9 மணி?

விதிப்புத்தகத்தில் நேரம் இரண்டு வகை. கணக்கில் வருவது, வராதது. மைதானப் பயிற்சி கணக்கில் வரும். பயிற்சியாளரோடு உட்கார்ந்து ஆட்டப் பதிவுகளைப் பார்ப்பது வரும். அதே பதிவை வீரர் தானாகப் போட்டுப் பார்த்தால் வராது. காயத்துக்குச் சிகிச்சை எடுப்பது வராது. யாரும் கட்டாயப்படுத்தாமல் எடை தூக்கினால் வராது. சாப்பாடும் பயணமும் வராது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்ட நாள் கணக்கு. வீரர் காலையில் எழுந்து அணியோடு சிற்றுண்டி சாப்பிட்டு, கணுக்காலுக்கும் மணிக்கட்டுக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு, மூன்றரை மணி நேரம் மோதி, குளித்து, பேட்டி கொடுத்து வெளியே வரும்போது இருட்டியிருக்கும். பதிவேட்டில் அந்த முழு நாளுக்கும் எழுதப்படுவது 3 மணி நேரம்.

ஆக, வீரர் ஒருவர் "ஞாயிறு 9 மணி நேரம் அங்கேதான் கிடந்தேன்" என்றால் அது உண்மையாக இருக்கலாம், விதிமீறலாக இல்லாமலும் இருக்கலாம். செய்தி இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது என்று வலைப்பதிவர்கள் சொன்னார்கள். சரியாகவே சொன்னார்கள். தினம் பத்து விவகாரம் எழுதும் நிருபருக்கு விதிப்புத்தகத்தின் உட்பிரிவுகளில் குடியிருக்க நேரமில்லை. ரசிகருக்கு இருக்கிறது. தன் அணி மாட்டிக்கொண்டால் அவர் ஒரே இரவில் வழக்கறிஞராகிவிடுவார்.

அதே ரசிகர் அடுத்த அடியில் வழுக்கினார். கணக்கில் குழப்பம் இருக்கிறது, ஆகவே குற்றமே இல்லை. எழுதிய இருவரில் ஒருவர் ரோட்ரிகஸை ஏற்கெனவே கடுமையாக விமர்சித்து வந்த பத்தி எழுத்தாளர், ஆகவே இது பழிவாங்கல். இந்த இரண்டு "ஆகவே"களுக்கும் ஆதாரம் இல்லை. எழுதியவருக்குப் பகை இருந்ததா என்பது ஒரு கேள்வி. எழுதியது நடந்ததா என்பது வேறு கேள்வி.

பிறகு ஃப்ரீ பிரஸ், ரசிகர்கள் கையில் எடுக்காத கருவியை எடுத்தது. மிஷிகன் ஒரு அரசுப் பல்கலைக்கழகம், ஆதலால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணம் கேட்கலாம். அப்படிக் கேட்டு வாங்கிய உள் தணிக்கைக் குறிப்பொன்று, பயிற்சி நேரத்தைப் பதிய வேண்டிய படிவங்களைக் கால்பந்துப் பிரிவு ஒழுங்காகத் தரவே இல்லை என்று காட்டியது. செய்தி வருவதற்கு முன்பே, அந்தக் கோடையிலேயே பல்கலைக்கழகத்தின் சொந்தத் தணிக்கையாளர்கள் எழுதிவைத்த குறிப்பு அது.

2010 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வரம்பு மீறல் உண்மை. உடலைத் தளர்த்திக்கொள்ளும் நேரம் போன்றவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதும் அதில் அடக்கம். பயிற்சியாளர் அல்லாத ஊழியர்கள் பயிற்சி கொடுத்ததும் உண்மை. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் தானாகவே 130 மணி நேரப் பயிற்சியை வெட்டிக்கொண்டது. மீறியதாகக் கணக்கிட்ட நேரத்தைப் போல் அது இரண்டு மடங்கு. மீறலின் அளவு முதல் செய்தி கொடுத்த தோற்றத்தைவிடச் சிறியது. ரோட்ரிகஸ் மீதான கடுமையான குற்றச்சாட்டு, அதாவது விதியை மதிக்கும் சூழலை உருவாக்கத் தவறினார் என்பது, கண்காணிக்கத் தவறினார் என்ற அளவுக்குக் குறைந்தது. ஆயினும் மிஷிகன் கால்பந்து வரலாற்றில் பெரிய விதிமீறல் என்று பதிவானது அதுவே முதல் முறை. இரு தரப்புக்கும் தத்தம் பக்கம் இழுத்துக்கொள்ள அந்தத் தீர்ப்பில் வரிகள் இருந்தன.

அதிலிருந்து நான் வாசிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். யார் பேசினார், எந்த ஆவணம் கிடைத்தது என்பதில் பத்திரிகையை நம்புகிறேன். எந்த விதி, அதன் எந்தப் பிரிவு, மீறலின் அளவு எவ்வளவு என்பதில் ரசிகர் வலைப்பதிவைப் படிக்கிறேன். நோக்கம் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பத்தியைத் தாண்டிப் போகிறேன்.

எதிரணி ரசிகரின் கண்

சொந்த அணி ரசிகர் வழக்கறிஞர் என்றால், எதிரணி ரசிகர் துப்பறிவாளர். "பொறாமையில் உளறுகிறார்கள்" என்று அவர்களை ஒதுக்குவது அடுத்த தவறு.

சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஒரு கால்பந்து வீரருக்கு, கட்டுரை எழுதுவதில் முறைகேடாக உதவி பெற்றார் என்று தடை விதிக்கப்பட்டிருந்தது. அவர் 2011 ஜூலையில் நீதிமன்றம் போனார். சர்ச்சைக்குரிய கட்டுரையும் வழக்கு ஆவணங்களோடு சேர்ந்து பொதுவெளிக்கு வந்தது. அரை மணி நேரத் தொலைவில் ராலே நகரில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயரில் ஏறக்குறைய ஒன்று, பகையில் பரம்பரை. அதன் ரசிகர்கள் அந்தக் கட்டுரையின் வரிகளை ஒவ்வொன்றாக இணையத் தேடலில் போட்டுப் பார்த்தார்கள். பத்தி பத்தியாக வேறிடங்களிலிருந்து எடுத்து ஒட்டியது தெரிந்தது. பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு மன்றம் அதே கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்திருந்தது. என்.சி.ஏ.ஏ.வும் விசாரித்திருந்தது. இரண்டு இடத்திலும் இது அகப்படவில்லை. இலவசத் தேடுபொறியும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வைத்திருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அதற்கு மேல் அவர்களால் போக முடியவில்லை. ஒரு கட்டுரை திருட்டு என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட கட்டுரைக்கு மதிப்பெண் போட்ட வகுப்பு எது, அதை நடத்தியது யார் என்று ஆள் ஆளாகக் கேட்டு, ஆவணம் ஆவணமாக வாங்கி, ஆண்டுக்கணக்கில் உழுதது ராலேயின் நியூஸ் அண்ட் அப்சர்வர் நாளிதழ். வகுப்பே நடக்காமல், ஆசிரியரைப் பார்க்காமல், ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல மதிப்பெண் தரும் பாடங்கள் பதினெட்டு ஆண்டு ஓடியிருக்கின்றன என்று 2014 அக்டோபரில் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது. சேர்ந்தவர்கள் 3,100 பேருக்கு மேல். ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள்.

எதிரணி ரசிகர்கள் இப்போது தீர்ப்பையும் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். கோப்பைகளைப் பிடுங்க வேண்டும், அணியையே ஓரிரு ஆண்டு மூட வேண்டும் என்றார்கள். முன்னுதாரணம் இருந்தது. டெக்ஸாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் வீரர்களுக்குத் தொடர்ந்து பணம் கொடுத்ததற்காக 1987 கால்பந்து சீசனையே இழந்தது. "மரண தண்டனை" என்று அதற்குப் பெயர். ஆனால் 2017 அக்டோபர் 13 அன்று என்.சி.ஏ.ஏ. அறிவித்த முடிவு, அந்த வகுப்புகள் பற்றி எந்தத் தண்டனையும் இல்லை என்பது. காரணம்தான் விசித்திரம். அந்த வகுப்புகள் வீரர்களுக்கு மட்டும் அல்ல, எல்லா மாணவருக்கும் திறந்திருந்தன. ஆகவே அது வீரர்களுக்குத் தனிச் சலுகை ஆகாது, தங்கள் விதிக்குள் வராது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் கொடுக்கும் வேறொரு அமைப்புதான் 2015இல் அதை ஓராண்டு கண்காணிப்பில் வைத்தது.

பெரிய குற்றத்துக்குப் பெரிய தண்டனை என்று எதிர்பார்த்து இந்தச் செய்திகளைப் படிக்கக் கூடாது. பாஸ்தாவுக்கு 3.83 டாலர் கொடுத்தார்கள். பதினெட்டு ஆண்டு போலி வகுப்புக்கு ஒரு சென்ட் கூட இல்லை.

"ஏன் இப்போது எழுதினீர்கள்?"

ஊர்ப் பத்திரிகை ஊர் அணியைக் காட்டிக்கொடுத்தால் ரசிகர் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி போலத் தோன்றும்.

மினசோட்டா பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களுக்காக அலுவலக ஊழியர் ஒருவர் ஏறக்குறைய 400 வீட்டுப் பாடங்களும் கட்டுரைகளும் எழுதிக் கொடுத்தார் என்ற செய்தியை செயின்ட் பால் பயனியர் பிரஸ் 1999 மார்ச் 10 அன்று வெளியிட்டது. மறுநாள் தேசியப் போட்டியில் அணியின் முதல் ஆட்டம். நான்கு வீரர்கள் நிறுத்திவைக்கப்பட்டார்கள். அதுவரை பலர் பெயரே கேட்டிராத கொன்சாகா அணியிடம் மினசோட்டா 75-63 என்று தோற்றது. ரசிகர்கள் கொதித்தார்கள். மாநில ஆளுநர் ஜெஸ்ஸி வென்சுரா கூடப் பத்திரிகை நேரம் பார்த்து அடித்ததாகக் குறை சொன்னார். அடுத்த ஆண்டு அந்தச் செய்திக்கு அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயர்ந்த விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது.

நேரத்தைக் கேட்கலாம், தவறில்லை. கேட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் படிக்காமல் விடுவதுதான் தவறு. ஆட்டம் முடிந்த பிறகு வெளியிட்டிருந்தால் "இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள்?" என்று வேறு ஊர் ரசிகர்கள் கேட்டிருப்பார்கள்.

கென்டக்கி கதை இதைவிடக் கசப்பு. 1985 அக்டோபரில் லெக்சிங்டன் ஹெரால்ட்-லீடர், முன்னாள் கூடைப்பந்து வீரர்கள் 33 பேரிடம் பேசி, பெரும்பாலோர் பணமோ பரிசோ விதிக்கு மாறாக வாங்கியதாக எழுதியது. கென்டக்கியில் கூடைப்பந்து என்பது கோயில் திருவிழா மாதிரி. சந்தாக்கள் ரத்தாயின, வெடிகுண்டு மிரட்டல் வந்தது. 1986இல் புலிட்சர் பரிசும் வந்தது. என்.சி.ஏ.ஏ. வந்து கேட்டபோது வீரர்களின் பேச்சு மாறியது. 1988இல், விசாரணையில் சரியாக ஒத்துழைக்கவில்லை என்று பல்கலைக்கழகத்தைக் கண்டித்ததோடு சரி. அதே 1988இல் உதவிப் பயிற்சியாளர் பெயரில் ஒரு வீரரின் தந்தைக்குப் போன கூரியர் உறை வழியில் பிரிந்து, உள்ளிருந்து மொத்தம் 1,000 டாலர் ரொக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்த ஆண்டு தண்டனை வந்தது.

பத்திரிகையிடம் சொல்வதும் விசாரணைக்குழு முன் சொல்வதும் ஒன்றல்ல. தண்டனை இல்லை என்றால் செய்தி பொய் என்று முடிவு கட்டுபவர்கள் இதை மறக்கிறார்கள். என்.சி.ஏ.ஏ. நீதிமன்றம் அல்ல. உறுப்புக் கல்லூரிகள் தாங்களே கூடி வைத்துக்கொண்ட சங்கம். வெளி ஆளைச் சாட்சிக்கு இழுக்கவோ ஆவணத்தைப் பறிமுதல் செய்யவோ அதற்கு அதிகாரம் இல்லை. மயாமி பல்கலைக்கழக விவகாரத்தில் இந்தக் குறையை ஈடுகட்ட, வீரர்களுக்குப் பணம் கொடுத்ததாகச் சொன்ன, சிறையில் இருந்த மோசடிக்காரர் ஒருவரின் வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்து, திவால் வழக்கு விசாரணை வழியாகச் சாட்சியம் வாங்கினார்கள். 2013 ஜனவரியில் அதைத் தாங்களே ஒப்புக்கொண்டு வெட்கப்பட வேண்டியதாயிற்று.

உள்ளூர் நிருபரும் உள்ளே இருப்பவர்தான்

ரசிகர் சார்புள்ளவர், நிருபர் நடுநிலையாளர் என்று பிரிப்பது பாதி சரி. தினமும் அதே பயிற்சியாளரிடம் பேட்டி வாங்கிப் பிழைக்க வேண்டியவர் நிருபர். அவருடைய வாசகர்களும் அந்த அணியின் ரசிகர்களே. அதனால்தான் பல பெரிய செய்திகள் வெளியூரிலிருந்து வருகின்றன.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2010 டிசம்பரில், வீரர்கள் ஐவர் தங்கள் விருதுகளையும் உடைகளையும் பச்சை குத்தும் கடைக்காரரிடம் கொடுத்துப் பணமும் பச்சையும் பெற்றது வெளியே வந்தது. பயிற்சியாளர் ஜிம் டிரெஸலுக்கு ஏப்ரலிலேயே மின்னஞ்சலில் தகவல் வந்திருந்தது, அவர் மூடி வைத்தார் என்பதை 2011 மார்ச்சில் யாஹூ ஸ்போர்ட்ஸ் சொன்னது. நாளிதழும் அல்ல, ரசிகர் பதிவும் அல்ல, இணைய நிறுவனம். பயிற்சியாளரை நீக்குவது பற்றி யோசித்தீர்களா என்று கேட்டபோது பல்கலைக்கழகத் தலைவர், அவர் என்னை நீக்காமல் இருந்தால் சரி என்று வேடிக்கையாகப் பதில் சொன்னார். வேடிக்கைதான், ஆனால் யார் யாருக்கு முதலாளி என்று ஊருக்குப் புரிந்தது. மே மாத இறுதியில் டிரெஸல் விலகினார்.

சில சொற்கள்

"குற்றச்சாட்டு அறிவிப்பு வந்தது" என்றால் தீர்ப்பு வந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டிய கட்டம் அது. வலைப்பதிவுகளின் தலைப்புகளில் இந்த இடைவெளி அடிக்கடி காணாமல் போகும். "கண்காணிப்பு" என்றால் அணி ஆடாது என்று பொருள் இல்லை. "வெற்றிகள் நீக்கம்" என்றால் வென்றவரின் வெற்றி ஏட்டிலிருந்து போகும், ஆனால் தோற்றவருக்கு வெற்றி வராது. அவர் தோற்றவராகவே இருப்பார்.

"எதிரணியின் சைகையைத் திருடினார்கள்" என்ற தொடரும் 2023இல் இப்படிக் குழப்பியது. மிஷிகன் மறுபடியும் மாட்டியிருந்தது. (சைகை என்பது, அடுத்து என்ன ஆட வேண்டும் என்று களத்தின் ஓரத்திலிருந்து வீரர்களுக்குக் காட்டும் குறி.) சைகையைப் பார்த்துப் புரிந்துகொள்வது தனியாகத் தடை செய்யப்பட்டதே அல்ல. வரப்போகும் எதிரணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பி உளவு பார்ப்பதுதான் 1994 முதல் தடை. "எல்லோரும் சைகை படிக்கிறார்கள்" என்று அணியைக் காப்பாற்ற வந்தவர்களும், "சைகை படித்தவர்கள் திருடர்கள்" என்று எதிரில் நின்றவர்களும் விதிக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டார்கள்.

பழைய செய்தி, புதிய விதி

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து வெளிப்படையாகச் சம்பாதிக்கலாம். 2025இல் பல்கலைக்கழகங்களே வருமானத்தில் நேரடிப் பங்கு கொடுக்கத் தொடங்கிவிட்டன. இதை வைத்துக்கொண்டு பழைய விவகாரங்கள் எல்லாவற்றையும் "இன்று இது தவறே இல்லை" என்று துடைப்பது இப்போது ரசிகர் பதிவுகளில் நாளும் நடக்கிறது. சிலவற்றுக்குப் பொருந்தும். வீட்டுப் பாடத்தை வேறொருவர் எழுதிக் கொடுத்ததற்கும் மின்னஞ்சலை மறைத்ததற்கும் பொருந்தாது.

தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவரும் குடும்பமும் முகவர்களாக வர விரும்பியவர்களிடமிருந்து சலுகை பெற்றதற்காக 2010இல் பல்கலைக்கழகத்துக்கு சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஆட இரண்டு ஆண்டுத் தடையும் 30 உதவித்தொகை இழப்பும் வந்தன. நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை அவர் திருப்பிக் கொடுத்தார். 2024 ஏப்ரலில் ஹைஸ்மன் அறக்கட்டளை அதை மீண்டும் அவரிடம் கொடுத்தது. பல தலைப்புகள் "புஷ் மீது சுமத்திய பழி நீங்கியது" என்கிற பாணியில் இருந்தன. கோப்பையைக் கொடுப்பது ஒரு அறக்கட்டளை, ஆட்டக் கணக்கை வைத்திருப்பது என்.சி.ஏ.ஏ. அவர் ஆடிய 2004, 2005 சீசன்களிலிருந்து நீக்கிய 14 வெற்றிகளை என்.சி.ஏ.ஏ. அப்போது திருப்பிக் கொடுக்கவில்லை.